பின்புறம் மூடிய ஹெட்போன்: பாட்டுக் கேட்க எது ஏற்றது?

இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, நாள் கணக்கை எழுதி முடித்த பிறகு நமக்கென்று மிஞ்சுவது முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோதான். அந்த நேரத்தில் இரண்டு பாட்டாவது கேட்டால்தான் தூக்கம் வரும் என்கிற வணிகர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் வீட்டில் ஒரு பக்கம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள், மறு பக்கம் பெரியவர்கள் உறங்குகிறார்கள். ஸ்பீக்கரில் வைத்தால் சண்டை வரும். ஆகவே ஹெட்போன் தேவைப்படுகிறது.

எதை வாங்குவது என்று உறுப்பினர்கள் சிலர் தொடர்ந்து கேட்டதால், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மூன்று ஹெட்போன்களை வாங்கி, இரண்டு மாதம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். எங்களில் ஒருவர் பலசரக்கு மொத்த வியாபாரம், ஒருவர் எண்ணெய்க் கடை, மற்றவர் ஸ்டேஷனரி. இசை விற்பன்னர்கள் யாரும் இல்லை. அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து ரகம் சொல்வது போல, காதில் வைத்துப் பார்த்துச் சொல்கிறோம், அவ்வளவே. கூடவே அந்தச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்கப் பார்க்கிறோம். அது தெரிந்தால், கடைக்காரர் சொல்வதில் எது நிஜம், எது வாய்ப்பந்தல் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

மூடியதும் திறந்ததும்

ஹெட்போன் புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் 1910-இல் தம் வீட்டுச் சமையலறையில் கையால் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். செய்தி கேட்கும் கருவியாக இருந்ததைப் பாட்டுக் கேட்கும் கருவியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். அவர் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பத்து ஆண்டு கழித்து 1968-இல், ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி.414 என்ற ஹெட்போனைப் பின்புறம் திறந்த அமைப்பில் வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்த வியாபாரம் திறந்த ரகம், மூடிய ரகம் என இரண்டாகப் பிரிந்து நடக்கிறது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. இதை டிரைவர் என்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று, காந்தத்தின் நடுவில் நிற்கும் கம்பிச் சுருளோடு சேர்ந்து முன்னும் பின்னும் அசைகிறது. முன்னால் தள்ளும்போது காதுப் பக்கம் காற்று அழுந்துகிறது; அதே நேரம் தகட்டின் முதுகுப் பக்கம் காற்று இழுபடுகிறது. அதாவது முன்னால் எவ்வளவு ஒலி உண்டாகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவே பின்னாலும் உண்டாகிறது. பின்னால் உண்டான ஒலியை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு ரகமும் பிரிகின்றன.

திறந்த ரகம் அதைச் சல்லடை வழியே வெளியே விட்டுவிடுகிறது. பாட்டு விசாலமாக, திறந்த வெளியில் கேட்பது போல இருக்கும். ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும். தெருவில் போகும் லாரியின் ஹாரன் உங்களுக்கும் கேட்கும். மூடிய ரகம் பின்புற ஒலியைக் கிண்ணத்துக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. நம் வீட்டு நிலைமைக்கு இதுதான் தோது. ஆனால் அடைத்து வைத்த ஒலி சும்மா இருப்பதில்லை. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வந்து, தகட்டையே மறுபடி தட்டுகிறது.

நம் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலி எண்ணெய் டின்னை விரலால் தட்டுங்கள். ‘டங்’ என்று ஒலித்து நிற்கும். அதே டின்னில் பஞ்சை அடைத்துத் தட்டினால் ‘தப்’ என்று செத்த ஓசைதான் வரும். மூடிய ஹெட்போனுக்கும் இதே கதைதான். கிண்ணம் வெறும் பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால், எந்தப் பாட்டை வைத்தாலும் டப்பாவின் குரலும் சேர்ந்து வரும். பாடுகிறவர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல இருக்கும். நல்ல ஹெட்போனில் கிண்ணத்துக்குள் பஞ்சு அல்லது கம்பளம் போன்ற துணி வைத்து அந்தக் குரலை அடக்கியிருப்பார்கள். கிண்ணத்தின் வடிவம், கனம், சிறு காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து அமைத்திருப்பார்கள். முந்நூறு ரூபாய்ச் சரக்குக்கும் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும் பகுதி, கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பேஸ் எங்கே போகிறது?

மூடிய ஹெட்போனைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். தவிலின் தொப்பி ஒலி, பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி ஆகிய தாழ்ந்த ஓசைகள் காதைச் சுற்றியுள்ள மெத்தை காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் கேட்கும்.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். ஹெட்போனுக்கும் காதுக்கும் இடையே இருப்பதோ ஓர் எலுமிச்சம்பழம் கொள்ளும் இடம். இவ்வளவு நீண்ட அலை இவ்வளவு சிறிய இடத்தில் அலையாக ஓட முடியாது. சைக்கிள் பம்பில் காற்றை அழுத்துவது போல அழுத்தியும் தளர்த்தியும்தான் அந்த ஓசை செவிப்பறையைச் சேர்கிறது. பம்பின் வாஷரில் சின்னக் கிழிசல் இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெத்தையில் இடைவெளி விட்டால் அதேதான் ஆகும். உயர்ந்த ஓசைகள் அப்படியே இருக்க, தாழ்ந்த ஓசைகள் மட்டும் கசிந்துவிடும்.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே புகுந்து ஒரு சந்தை உண்டாக்கிவிடுகிறது. எங்களில் ஒருவர், ‘இந்த ஹெட்போனில் பேஸே இல்லை, ஏமாந்துவிட்டோம்’ என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினார். எட்டாம் நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், பேஸ் வந்துவிட்டது. தடித்த பிளாஸ்டிக் காம்பை விட மெல்லிய உலோகக் காம்பு நல்லது. தளர்ந்துபோன மெத்தையை விடப் புது மெத்தை நல்லது. கடுக்கன், பெரிய தோடு, காதோரம் அடர்ந்த கிருதா இவையும் கொஞ்சம் கெடுக்கும். கடையில் ஹெட்போன் பார்க்கப் போகிறவர்கள் தினசரி எப்படி இருப்பார்களோ அப்படியே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தராசைச் சமன் செய்யுங்கள்

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் புரியும். இரண்டு சரக்கை ஒப்பிட வேண்டுமானால் எடை ஒன்றாக இருக்க வேண்டும். ஹெட்போனில் எடை என்பது சத்தத்தின் அளவு.

ஒரே பாட்டை இரண்டு ஹெட்போனில் கேட்கிறீர்கள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறது. ‘இது சத்தம் அதிகம்’ என்று உங்களுக்குத் தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது’ என்றுதான் தோன்றும். மனிதக் காதின் இயல்பு அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த ஓசைகளை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஆகவே சத்தத்தைக் கூட்டினாலே பேஸ் கூடியது போல இருக்கும். விற்பனையாளருக்கு இது தெரிந்திருந்தால் போதும். எதை விற்க வேண்டுமோ அதை ஒரு படி கூட்டி வைத்துக் காட்டிவிடுவார்.

இரண்டுக்கும் வால்யூமை ஒரே எண்ணில் வைத்தால் சமமாகிவிடாது. ஏனெனில் ஒவ்வொரு ஹெட்போனும் ஒரே மின்சாரத்தில் வெவ்வேறு அளவு சத்தம் தரும். நாங்கள் செய்த வழி இது: இசைக்கருவி இல்லாத ஒரு பேச்சுப் பதிவை ஓடவிட்டு, ஒன்றைக் கழற்றிச் சட்டென்று மற்றதை மாட்டி, பேசுகிறவரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கிறது என்று தோன்றும்வரை வால்யூமைத் திருத்தி, அந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் குறித்துக்கொண்டோம். பிறகுதான் பாட்டு. முழுத் துல்லியம் இல்லை. ஆனாலும் இதைச் செய்வதற்கு முன் நாங்கள் சொன்ன தீர்ப்புகளில் பாதி, செய்த பிறகு மாறிவிட்டன.

மூன்று ஹெட்போன்கள்

நாங்கள் எடுத்துக்கொண்ட மூன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுநாள் உழைத்துப் பெயர் வாங்கியவை. அழகுக்காக ஆண்டுதோறும் மாடல் மாற்றுகிற சரக்கை எடுத்தால், இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது கடையில் இருக்காது.

முதலாவது ஜப்பானின் சோனி எம்.டி.ஆர்.-7506. இது 1991-இல் வந்தது. 40 மில்லிமீட்டர் டிரைவர், 63 ஓம் தடை, கேபிள் நீங்கலாக சுமார் 230 கிராம் எடை. மடித்துப் பையில் போடலாம். தொலைபேசி ரிசீவர் போன்ற சுருள் கேபிள். இரண்டாவது ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எச்.-எம்50எக்ஸ், 2014-இல் வந்தது. 45 மில்லிமீட்டர் டிரைவர், 38 ஓம், 285 கிராம். கேபிளைக் கழற்றி மாற்றலாம். இது பெரிய வசதி. மூன்றாவது ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரத்து பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி.770 ப்ரோ. 32, 80, 250 ஓம் என மூன்று வகையில் வருகிறது. நாங்கள் வாங்கியது 80 ஓம். எடை சுமார் 270 கிராம். தோல் உறைக்குப் பதில் வெல்வெட் போன்ற துணி மெத்தை.

சோதனைக்கு நான்கு வகைப் பாட்டு. ஐம்பதுகளின் திரைப்பாடல்கள், கோயில் திருவிழாவில் பதிவான நாகசுரம்-தவில், இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஹவ் டு நேம் இட்’, ஏ.ஆர்.ரகுமானின் முதல் படமான ‘ரோஜா’வின் (1992) பாடல்கள்.

பழைய திரைப்பாடல்கள் மோனோ பதிவுகள். இடது வலது இரண்டிலும் ஒரே ஒலிதான் வரும். ஆகவே பாடுபவர் நம் எதிரே நிற்பதில்லை. நம் மண்டைக்கு நடுவே உட்கார்ந்து பாடுகிறார். முதலில் கேட்பவருக்கு இது கூச்சமாக இருக்கும். ஹெட்போனின் குறை அல்ல. எந்த ஹெட்போனிலும் அப்படித்தான். இந்தப் பாடல்களில் சோனிக்குத்தான் எங்கள் ஓட்டு. பாடுபவர் மூச்சு வாங்குவது, சொல்லின் கடைசி எழுத்தை மெல்ல விடுவது எல்லாம் கண்ணுக்கு நேரே நடப்பது போல இருந்தது. ஆனால் அதே கூர்மை பழைய இசைத்தட்டின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். எம்50எக்ஸில் இரைச்சல் அவ்வளவாக உறுத்தவில்லை. குரலில் ஒரு சதைப்பற்று இருந்தது. ஆண் குரலுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

நாகசுரம் பொல்லாத சோதனை. திறந்த வெளியில் அரைக் கிலோமீட்டர் போக வேண்டும் என்று பிறந்த வாத்தியம் அது. அதைக் காதுக்கு இரண்டு அங்குலத்தில் வைத்துக் கேட்கிறோம். தவிலின் வலது பக்கத்தில் விரற்கூடு மாட்டி அடிக்கும் ஓசை உளி போல வெடிக்கும். இடது பக்கத்தில் கோலால் அடிப்பது அடிவயிற்றில் விழும். டி.டி.770 இந்த அடிவயிற்று ஓசையை மற்ற இரண்டையும்விட ஆழமாகத் தந்தது. திருவிழா மேளத்தின் பக்கத்தில் நின்ற உணர்வு வந்தது உண்மை. ஆனால் மேல் பக்கத்தில், 8,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அதற்கு ஒரு துருத்தல் உண்டு. விரற்கூட்டு ஓசையும் பாடகர்கள் சொல்லும் ‘ச’, ‘ஸ’ எழுத்துகளும் ஊசி போல வருகின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் எங்களால் தாங்க முடியவில்லை. பிறகு போனில் உள்ள ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் 4 டெசிபல் இறக்கினோம். காரம் அடங்கியது, மேளம் அப்படியே இருந்தது. சமன் செய்யத் தெரிந்தவர்களுக்கு டி.டி.770 பெரிய விருந்து. அதெல்லாம் நம்மால் ஆகாது, பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டும் என்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

இளையராஜாவின் இசைத்தட்டில் வயலின்கள் ஒரு பக்கம், பேஸ் கிட்டார் அடியில், இடையிடையே மற்ற வாத்தியங்கள் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பல இழைகள் ஓடும். இங்கே எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. இருவர் சோனி என்றோம். ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரிந்தது. எண்ணெய்க்கடை நண்பர் மட்டும், ‘தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நான் என்ன பருப்பில் கல் பொறுக்குகிறேனா? மொத்தமாகச் சேர்ந்து ஒலித்தால்தான் இசை’ என்று சொல்லி டி.டி.770-ஐயே வைத்துக்கொண்டார். ‘ரோஜா’ பாடல்களில் எம்50எக்ஸ் முந்தியது. அதன் பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் தாளம் துள்ளுகிறது. நாள் முழுக்க நின்ற களைப்பில் கேட்பவருக்கு அந்தத் துள்ளல் ஒரு டீ குடித்தது போல.

அணிந்திருக்கும் சுகம் என்று பார்த்தால் டி.டி.770-க்கு இணை இல்லை. துணி மெத்தை வியர்வையில் ஒட்டுவதில்லை. நம் ஊர் மே மாதத்தில் இது சின்ன விஷயம் அல்ல. எம்50எக்ஸ் புதிதில் தலையை இறுக்கிப் பிடித்தது. சோனி இலேசானது, ஆனால் மெத்தை மெல்லியது. பெரிய காதுக்காரருக்கு உள்ளே இடிக்கும். பொதுவாக, செயற்கைத் தோல் உறை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் சில ஆண்டுகளில் உரிந்து, கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டும். மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. இந்த மூன்றுக்கும் கிடைக்கிறது.

‘உண்மையான ஒலி’ என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலியோர் 2010-களில் பலரைக் கேட்க வைத்து, பெரும்பாலோர் விரும்பும் ஒலி அமைப்பு எது என்று ஒரு கோடு வரைந்தார்கள். நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில் வைத்துக் கேட்டால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அதற்கு அருகில் வருவது அது. அதே குழுமத்தின் ஏ.கே.ஜி. கே371 என்ற மூடிய ஹெட்போன் (2019) அந்தக் கோட்டை ஒட்டிச் செய்யப்பட்டது. பெரும்பாலோர் என்றுதான் சொன்னார்கள், எல்லோரும் என்று சொல்லவில்லை. பொன்னி அரிசியை எல்லோருக்கும் பிடிக்கும் என்று நம்பி மூட்டை மூட்டையாக இறக்கியவர்களுக்கு இது புரியும்.

ஓம் கணக்கு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓம் எண்ணைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அது தரத்தைக் காட்டும் எண் அல்ல. தண்ணீர்க் குழாயின் விட்டம் போன்றது. ஓம் கூடினால் அதே சத்தத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். டி.டி.770-ஐ எடுத்துக்கொண்டால், 1 மில்லிவாட் மின்திறனுக்கு அது தருவது 96 டெசிபல். அந்த 1 மில்லிவாட்டைச் செலுத்த 32 ஓம் வகைக்கு ஏறத்தாழ 0.18 வோல்ட் போதும். 80 ஓமுக்கு 0.28, 250 ஓமுக்கு 0.5 வோல்ட் வேண்டும். மொபைல் போனில் நேரே மாட்டிக் கேட்பவர்கள் 250 ஓம் வகையை வாங்கினால், வால்யூமை முழுக்கத் திருப்பியும் போதவில்லை என்பார்கள். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். நமக்கு 32 அல்லது 80 போதும். இப்போது பல போன்களில் ஹெட்போன் துளையே இல்லை. டைப்-சி முனையில் மாட்டும் சிறு கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவு மில் நண்பர்

மேலே சொன்னதெல்லாம் ரசனை பற்றியது. இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல.

எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக மாவு மில் நடத்துகிறவர். நாங்கள் ஹெட்போன் சோதிக்கிறோம் என்று கேள்விப்பட்டு அவரும் சோனி ஒன்றை வாங்கினார். ஒரு வாரத்தில் எங்களிடம் வந்து, ‘நீங்கள் சொன்ன தெளிவு எதுவும் இதில் இல்லை, போர்வைக்குள் பாடுவது போல இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போகிறேன்’ என்றார். அவருடையதை எங்கள் காதில் வைத்தோம். எங்களுடையதும் அதுவும் ஒன்று போலத்தான் இருந்தன. ஆனால் அவர் வைத்திருந்த வால்யூமில் எங்களால் ஐந்து விநாடி கேட்க முடியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டோம். அவர் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகவில்லை. காது டாக்டரிடம் போனார்.

இரைச்சலில் நெடுங்காலம் இருந்தவர்களின் காது எல்லா ஓசையையும் ஒரே அளவில் இழப்பதில்லை. 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரம், முதலில் அடிபடும். டாக்டர் எடுக்கும் கேள்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அவருடைய வரைபடத்திலும் தெரிந்தது. சொற்களின் மெய்யெழுத்துகளுக்குத் தெளிவு தரும் ஓசைகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. ‘என் மருமகள் முணுமுணுக்கிறாள் என்று இத்தனை நாள் கோபப்பட்டேன்’ என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. உட்காதில் உள்ள மயிரணுக்கள் ஒரு முறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஆகவே நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி, 92-இல் இரண்டரை மணி. கூட்டு வட்டி தெரிந்த நமக்கு இந்தக் கணக்கின் வேகம் புரியாமல் போகாது. சிறுவர்களுக்கு 80-க்குப் பதில் 75-இலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் மூடிய ஹெட்போன் நமக்கு உதவி செய்கிறது. வெளிச் சத்தத்தை அது ஓரளவு தடுப்பதால் வால்யூமைத் தாழ்த்தி வைத்தே கேட்கலாம். ஆனால் தடுப்பது பெரும்பாலும் உயர்ந்த ஓசைகளைத்தான். பேச்சு, பாத்திர ஓசை குறையும். பக்கத்துக் கடை ஜெனரேட்டரின் உறுமல், ஃப்ரீசரின் ரீங்காரம் உள்ளே வந்துவிடும். அதை அடக்க, இரைச்சலுக்கு எதிர் அலையை உண்டாக்கி அதை அழிக்கும் மின்னணு ஹெட்போன்கள் இருக்கின்றன. வங்காளத்து வம்சாவளியைச் சேர்ந்த அமர் போஸ் 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் இந்த யோசனையில் இறங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை பேருந்து, ரயில் பயணத்துக்கு மிக ஏற்றவை. அமைதியான அறையில் வெறும் இசைக்காக என்றால், அதே பணத்துக்குக் கேபிள் வைத்த ஹெட்போன் கூடுதலாகத் தரும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கல்லாவில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். நாங்களே ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரம் என்று மாட்டிக்கொண்டு, அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டு நின்ற அம்மாவைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம். அவர் எதிர்க்கடைக்குப் போனதை நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இரு சக்கர வாகனத்தில் மாட்டிக்கொண்டு போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வாங்கும்போது

பெயர் வாங்கிய சரக்கு எதுவோ அதற்குப் போலியும் உண்டு. இந்த மூன்றில் ஒன்றை முதலில் பாதி விலைக்கு ஓரிடத்தில் வாங்கி ஏமாந்தவர்கள்தான் நாங்களும். பெட்டி, எழுத்து, ஹோலோகிராம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. காதில் வைத்தால் காலிப் பெருங்காய டப்பா. நம் கடைச் சரக்குக்கு நாம் எதைப் பார்ப்போமோ அதையே பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி., மாதமும் ஆண்டும், எந்த நாட்டில் செய்தது என்ற விவரம், புகார் சொல்ல வேண்டிய எண் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்ட பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை.

எங்கள் மூன்று ஹெட்போன்களையும் அடுத்த மாதக் கூட்டத்தன்று மாலை ஆறு மணி முதல் சங்கக் கட்டிடத்தின் மாடி அறையில் வைக்கிறோம். ஒருவருக்குப் பத்து நிமிடம். வால்யூம் எண்களைச் சமன் செய்து பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்போம். அதை மாற்ற வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போனில் கொண்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு வரவும்.